கழலாத டியூப்

ஹெல்மெட்டை மடியில வெச்சுட்டு பஸ்ஸுல வர்றீங்க, அப்ப வண்டி எங்கியோ படுத்துக்கிச்சுன்னு அர்த்தம். சரிதானுங்களே? பாத்ததுமே நெனச்சேன். மெக்கானிக்கிட்ட உட்டுட்டு வந்தீங்களா. டேங்கைக் கழட்டோணும்னு சொன்னாரா. கழட்டட்டுமுங்க. அவரே கழட்டட்டும். நீங்க மட்டும் அந்த வேலையில எறங்கிராதீங்க.

உங்களுக்கு வராதுன்னு சொல்லல தம்பி. எனக்கே வராமப் போச்சு, அதுக்குச் சொல்றேன். என்ற பேரு நாச்சிமுத்து. பல்லடத்துக்குப் பக்கத்துலதான் ஊடு. பஞ்சு மில்லுல மெயின்டனன்ஸ்ல இருவத்தெட்டு வருஷம் இருந்தேன். மில்லை மூடற அன்னைக்குக்கூட நின்னுபோன ஒரு மெஷினை ஓட்டிக் காட்டிட்டுத்தான் வெளிய வந்தேன். என்ற ஊட்டுல ஒரு சுவிட்சு மாத்தறதுக்கோ, பைப்புக்கு ஒரு வாஷர் போடறதுக்கோ வெளியாள் காலெடுத்து வெச்சதில்லீங்க. மோட்டாரு, மிக்சி, கிரைண்டரு, வண்டி, எல்லாமே இந்தக் கைதான்.

இந்தக் கைதான். பாருங்க, மணிக்கட்டுல இன்னும் அந்தத் தடம் இருக்குது. விரலை மடக்குனா சுண்டு விரலு மட்டும் சொன்ன பேச்சு கேக்காது.

நீங்க எறங்கற சிங்காநல்லூருக்கு எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும், ரோட்டுல வேலை நடக்குது. உங்களுக்கு எடைஞ்சல் இல்லைன்னா சொல்றேன்.

மாசி மாசமுங்க. சனிக்கிழமை. சனிக்கிழமைன்னா நான் எண்ணெ தேச்சுத் தண்ணி வாத்துக்குவேன். கண்ணாலமான நாள்ல இருந்து ஒரு சனிக்கிழமை தப்புனதில்ல. பத்து மணிக்கு வெந்நீர் காஞ்சிருக்கோணும். என்ற சம்சாரம் வசந்தாமணி ஒம்பதரைக்கெல்லாம் பின்னாடி அடுப்புல வெறகை வெச்சுருவா. நான் சொல்லோணும்னே இல்ல, அவளாவே வெச்சுருவா. அந்த விசயத்துல கெட்டிக்காரிதான், நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்.

ஊட்டுக்குப் பின்னாடி தகரம் போட்ட சின்னச் சாளை ஒண்ணு. வண்டி அங்கதான் நிக்கும். அதுக்கு எட்டடி தள்ளி வெந்நீர் அடுப்பு. அதைத் தாண்டிக் குளிக்கற ரூமும் சாக்கடையும். தரையில சிமெண்டு போட்டது நான்தான். தண்ணி சாக்கடைக்குப் போகோணும்னு சாளையில இருந்து அந்தப் பக்கமா வாட்டம் குடுத்திருந்தேன். "நடுவுல அடுப்பு இருக்குதுங்களே, ஈரமெல்லாம் அடுப்படிக்குத்தானே போகும்"னு அன்னைக்கே வசந்தாமணி ஒரு வார்த்தை சொன்னா. சாக்கடை எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம்தானுங்க வாட்டம் குடுக்க முடியும்? பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்னு உட்டுட்டேன்.

வண்டி ஒரு வாரமாவே சரியில்ல. நல்லா ஓடிட்டே இருக்கும், டப்புனு நின்னுரும். டேங்குக்கு அடியில எலி வயரைக் கடிச்சிருக்கும்னு எனக்குத் தோணுச்சு. டேங்கைத் தூக்குனாத்தான் அந்த வயரைப் பாக்க முடியும். மறுநாள் காங்கேயத்துல ஒரு கண்ணாலம். அதுக்குப் போகோணும்னு முந்தின நாள்தான் டேங்கை ரொப்பி வெச்சிருந்தேன்.

எண்ணெ தேச்சா அரை மணி ஊறோணுமில்லீங்களா. அந்த அரை மணியில டேங்கைக் கழட்டிரலாம்னு நெனச்சேன். நெசமாவே அரை மணி வேலைதான். சீட்டை எடுத்துட்டு, பின்னாடி ஒரு போல்ட்டைக் கழட்டிட்டு, டேங்கைப் பின்பக்கம் தூக்கி ஒரு மரக்கட்டையைக் குடுக்கோணும். பொறவு பெட்ரோல் டேப்பை மூடிட்டு டியூபை உருவோணும். அவ்வளவுதான். உங்க வண்டியில டேப்பே இருக்காது, இப்ப வர்றதெல்லாம் வேற மாதிரி. என்றது இருவது வருஷத்து வண்டி. டேங்குக்கு அடியில சின்னதா ஒரு டேப்பு, ரெண்டு ஸ்குரூ போட்டு டேங்கோட சேத்து முடுக்கியிருக்கும். டேப்போட மூக்குல இருந்து எஞ்சின் பக்கம் ஒரு ரப்பர் டியூபு போகும். அதைக் கழட்டாம டேங்கு வெளிய வராது.

அது வரலீங்க.

கிளிப்பை நகத்திட்டேன். டியூபை இழுத்தேன். கையெல்லாம் நல்லெண்ணெ, வழுக்குது. துண்டைச் சுத்தி இழுத்தேன். வரல. இருவது வருஷச் சூட்டுல அந்த ரப்பர் வெந்து, மூக்கோட ஒட்டி, கல்லாட்ட ஆயிப்போச்சு. உள்ள இருட்டு வேற. "ஏ புள்ள, டார்ச்சை எடுத்துட்டு வா"ன்னேன். வந்தா.

டார்ச் புடிக்கறது பெரிய வேலையில்லைங்க. வெளிச்சம் எங்க வேணுமோ அங்க அடிக்கோணும். அவளுக்கு அது முப்பத்தொரு வருஷமா வரல. நான் டேப்பைப் பாத்தா அவ டியூபுல அடிப்பா. டியூபைப் பாத்தா என்ற கையில அடிப்பா.

"மேல புடி."

புடிச்சா.

"அவ்வளவு மேல இல்ல. மறைக்காத. இக்கட்டால வா, இந்தப் பக்கம். என்ற மூஞ்சியிலயா அடிக்கறது?"

அவ சித்தே நின்னு பாத்துட்டுச் சொன்னா, "தண்ணி காஞ்சுட்டு இருக்குதுங்க. ஒரு சொம்பு மோந்து டியூபு மேல ஊத்துனா ரப்பர் இளகாதுங்களா?"

"பெட்ரோல் டியூபுல வெந்நீரா? உனக்கென்ன தெரியும். வெளிச்சத்தைப் புடி."

"அப்ப பிளேடுல அறுத்துருங்க. புது டியூபு கடையில கெடைக்குது."

"நல்லா இருக்கறதை அறுப்பாங்களா? உனக்கென்ன தெரியும்."

"டேங்கு ரொம்பி இருக்குது. கேன்லயாச்சும் எறக்கிட்டுச் செய்யுங்களேன்."

"பொட்டாட்ட நில்லு புள்ள. தெரியாத வேலையில வாயை உடாத."

நான் கோவமாச் சொல்லல தம்பி. வேலையில இருக்கும்போது வர்ற பேச்சு அது. மில்லுல என்ற கூட இருந்தவனுங்ககிட்டயும் அப்படித்தான் பேசுவேன். அவனுங்க யாரும் மனசுல வெச்சுக்கிட்டதில்ல.

அவ டார்ச்சை அணைச்சா. கீழ எறக்கி வெச்சிருந்த சீட்டு மேல அதை வெச்சா. சத்தமே இல்லாம, தூங்கற கொழந்தையைக் கெடத்தற மாதிரி வெச்சா. வெச்சுட்டு உள்ள போயிட்டா. வேலை நடந்துட்டு இருக்கும்போது பாதியில போறது நியாயமுங்களா? நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், நான் முடிச்சுக்கறேன்.

எனக்கு எரிச்சல் வந்துருச்சு. பெரிய பிளேயரை எடுத்து டியூபோட சேத்து அந்த மூக்கையே கவ்விப் புடிச்சு ஒரு முறுக்கு முறுக்குனேன். டியூபு திரும்பும்னு நெனச்சேன். டியூபு திரும்பல. டேப்பு திரும்பிருச்சு. முறுக்கை ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம். டேங்கோட சேந்து முடுக்கியிருக்கற எடத்துல ஸ்குரூ மாட்டற காது ஒரு பக்கம் ஒடிஞ்சு போச்சு. டேப்பை மூடி என்ன பிரயோசனம்? டேப்புக்கு மேலயே பெட்ரோல் ஊத்துது.

யோசிக்கறதுக்கு நேரமே இல்லைங்க. உள்ளங்கையை வெச்சு அந்த டேப்பை அப்படியே டேங்கோட அமுக்குனேன். நின்னுச்சு. சுத்தமா நிக்கல, விரலுக்கு எடையில சொட்டிட்டே இருந்துச்சு. அமுக்குன வேகத்துல டேங்கு ஆடி, கட்டை நழுவிருச்சு. டேங்கு பின்பக்கம் தொப்புனு எறங்கி என்ற மணிக்கட்டு மேல உக்காந்துருச்சு. மேல ரொம்பின டேங்கு, கீழ வண்டியோட இரும்புச் சட்டம், நடுவுல என்ற கை.

வலி இருக்கட்டும். என்ற நெலமையை யோசிச்சுப் பாருங்க. இன்னொரு கையில டேங்கைத் தூக்குனா கை வெளிய வந்துரும். கை வந்தா டேப்பு தொங்கிரும். டேப்பு தொங்குனா மொத்தப் பெட்ரோலும் தரைக்கு வரும். தரை எந்தப் பக்கம் வாட்டம்னு சொன்னேனில்லீங்களா. அடுப்புல வேல மரத்து வெறகு எரிஞ்சுட்டு இருக்குது. அது சும்மா எரியாது, பட்டுப் பட்டுனு வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பொறி வெளிய வந்து விழும்.

கையை எடுக்கவும் முடியல, வெச்சுட்டு நிக்கவும் முடியல. இடுப்புல ஒரு துண்டு, ஒடம்பெல்லாம் எண்ணெ.

கூப்புட்டேன். "ஏ புள்ள"ன்னேன். "இந்தா புள்ள, வா இங்க"ன்னேன். "வசந்தா"ன்னேன். எங்க ஊட்டுச் சொவத்துக்கு அந்தப் பக்கம் சென்னியப்பனோட தறிக்குடோன். பதினாறு தறி. அது ஓடும்போது பக்கத்துல நிக்கறவங்ககிட்டயே கத்தித்தான் பேசோணும். நான் கத்துனது எனக்கே கேக்கல. கத்திட்டே தரையைப் பாத்தேன். மொதல்ல ஊத்துன பெட்ரோலு ஒரு கோடாட்ட எறங்கி, பாதி தூரம் போயி நின்னுருந்துச்சு. இப்பச் சொட்டறது அதுமேல போயிச் சேந்து, கோடு கொஞ்சங் கொஞ்சமா நீளுது. ஒரு சாண் நீளும், நிக்கும். பொறவு நாலு விரக்கடை.

இடுப்புத் துண்டை அவுத்துக் கீழ போட்டு, காலால தள்ளித் தள்ளி அந்தக் கோட்டுக்குக் குறுக்க அணை கட்டுனேன். கோவணத்தோட நின்னேன். துண்டு முழுசா ஊறி, பொறவு துண்டுக்கு அந்தப் பக்கமும் ஈரம் கசிய ஆரம்பிச்சுது. பெட்ரோலு பட்டுப் பட்டு உள்ளங்கை தீயாட்ட எரியுது. ஒரு இருவது நிமிசம் கூப்புட்டிருப்பேன் தம்பி. பொய் சொல்லல. இருவது நிமிசம். ஒருத்தரும் வரல.

அப்ப கரண்டு போயிருச்சு.

பதினாறு தறியும் ஒட்டுக்கா நின்னுருச்சு. அந்த மாதிரி அமைதியை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அண்டாவுல தண்ணி கொதிக்கற சத்தம் கேட்டுது. சொட்டு விழற சத்தம் கேட்டுது. அப்பாடான்னு மூச்சை இழுத்துட்டுக் கூப்புட வாயைத் தொறந்தேன். சமையக்கட்டு சன்னல் வழியா அவ பேசறது கேட்டுது. எங்க பொண்ணு யமுனாகிட்டப் போன்ல பேசிட்டு இருந்தா. பொண்ணைக் கோயமுத்தூருல கட்டிக் குடுத்திருக்கோம்.

"கூப்புட்டுட்டுத்தான் இருந்தாரு கண்ணு. கேட்டுச்சு. டார்ச் புடிக்கறதுக்குத்தான் இருக்கும். கூப்புடட்டும்."

நான் வாயை மூடல. தொறந்த வாயோட நின்னேன்.

"இல்ல சாமி, நான் முடிவு பண்ணிட்டேன். அந்த ஆஸ்டல் அம்மாகிட்ட ஒண்ணாந்தேதி வர்றேன்னு சொல்லிரு. அறுவது புள்ளைங்களுக்குச் சமைக்கறது எனக்கு ஒண்ணும் பாரமில்ல. தங்கறதுக்கு ரூம் குடுக்கறாங்கல்ல, போதும்."

அந்தப் பக்கம் பொண்ணு என்னமோ கேட்டிருக்கோணும். அதுக்கு இவ சொன்னா.

"உங்கப்பாவைக் கெட்டவருன்னு நான் என்னைக்காச்சும் சொல்லியிருக்கறனா? குடிச்சதில்ல. கையை ஓங்குனதில்ல. ஆனா எதைச் சொன்னாலும் 'உனக்கென்ன தெரியும்'. உப்பு பத்தலைன்னு சொன்னாக்கூட அதேதான். முப்பத்தொரு வருஷம் கேட்டுட்டேன். இப்பெல்லாம் பஸ்ஸு நெம்பரைப் படிக்கும்போதுகூட, நான் படிச்சது சரிதானான்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேக்கறேன் சாமி. நெசமாவே ஒண்ணும் தெரியாதவளா ஆயிருவனோன்னு பயமா இருக்குது. அதுக்குள்ள போயிரோணும்."

அழுகல தம்பி. அழுதுட்டே சொல்லியிருந்தா, சரி, ஏதோ கோவத்துல பேசறான்னு உட்டுருப்பேன். அரிசி எவ்வளவு போடோணும்னு சொல்ற மாதிரி சொன்னா.

ஊரே சத்தமில்லாம இருக்குது. சன்னல் பன்னெண்டு அடி தூரம். மெதுவாக் கூப்புட்டாலே கேட்டிருக்கும். துண்டுக்கு அந்தப் பக்கம் ஈரம் அடுப்புக்கு மூணடி கிட்டப் போயிருச்சு. ஒரு வெறகு வெடிச்சுது. பொறி வந்து சிமெண்டுல விழுந்து செவப்பா இருந்து கறுத்துப் போச்சு. அதைப் பாத்துட்டே நின்னேன். கூப்புடல.

ஏன் கூப்புடலைன்னு கேக்கறீங்களா? நானும் கேட்டுப் பாத்துட்டேன். கூப்புட்டா, நான் கேட்டுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். அது ஒண்ணு. இன்னொண்ணு, என்னன்னு சொல்லிக் கூப்புடறது? டேப்பை ஒடிச்சுட்டேன், கை மாட்டிக்கிச்சு, வந்து எடுத்து உடுன்னா? கோவணத்தோட நின்னுட்டு? அவ பிளேடுல அறுங்கன்னு சொல்லி அரை மணிகூட ஆகல. அப்படி ஒண்ணும் நான் மானம் பாக்கற ஆளில்லைங்க. இருந்தாலும் வாய் வரல.

பத்து நிமிசம் அப்படியே நின்னிருப்பேன். பொறவு கரண்டு வந்துருச்சு. பதினாறு தறியும் படபடன்னு ஆரம்பிச்சுருச்சு. இனிமே கத்துனாலும் கேக்காது, கேட்டாலும் வரமாட்டா. உயிருப் பயம்னா என்னன்னு அப்பத் தெரிஞ்சுது. கத்துனேன். என்ன கத்துனேன்னு தெரியல, எழுத்தில்லாத சத்தம்.

பின்கதவு தொறந்துச்சு. அவ நின்னா.

ஒரு பார்வைதான் பாத்தா. என்னைப் பாத்தா, தரையைப் பாத்தா, அடுப்பைப் பாத்தா. நான் "தண்ணிய ஊத்து, தீயில தண்ணிய ஊத்து"ன்னு கத்தறேன். அவ அண்டாவைத் தொடவேயில்ல. சொவத்தோரமா மணல் கெடந்துச்சு. பின்பக்கச் சொவத்தை நானே பூசோணும்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எறக்குனது. கொத்தனாரை வெச்சு முடிச்சுரலாம்னு அவ நச்சரிச்சுட்டே இருந்தா, நான்தான் உடல. அந்த மணலை இரும்புச் சட்டியில அள்ளி நேரா அடுப்பு வாயில கொட்டுனா. மறுபடியும் அள்ளிக் கொட்டுனா. தீ பொகைஞ்சு அமுங்கிருச்சு. மூணாவது சட்டியை அந்த ஈரத்துக்குக் குறுக்கக் கொட்டுனா. நாலாவது துண்டு மேல.

தண்ணி ஊத்தியிருந்தா பெட்ரோலு அது மேல மெதந்து அடுப்புக்கே போயிருக்கும்னு பொறவு யோசிச்சப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவளுக்கு அந்த நேரத்துல மணல் எப்படித் தோணுச்சோ. ஏதோ குருட்டாம்போக்குல செஞ்சிருப்பா.

உள்ள போயி பிளேடும் கேனும் எடுத்துட்டு வந்தா. சொட்டற எடத்துக்கு அடியில கேனை வெச்சுட்டு, என்ற கைக்குக் கீழ பூந்து டியூபை அறுத்தா. ஒரே இழுப்புதான், வந்துருச்சு. பொறவு டேங்கைத் தூக்கறதுக்காக ரெண்டு கையையும் குடுத்தா.

"அப்படி இல்ல, முன்பக்கம் புடி. உனக்குத் தெரியாது, நான் சொல்றதைக் கேளு"ன்னேன்.

அவ கையைக் குடுத்தபடியே நின்னா. என்ற மூஞ்சிக்கும் அவ மூஞ்சிக்கும் ஒரு சாண்தான் இருக்கும். "சொல்லுங்க. எப்படித் தூக்கோணும்?"னு கேட்டா. கிண்டலாக் கேக்கல. சொன்னாச் செய்யலாம்னுதான் கேட்டா.

எனக்குச் சொல்லத் தெரியலீங்க. நெசமாவே தெரியல. ரெண்டு மூச்சு பாத்துட்டு அவளே தூக்குனா. தூக்குன வேகத்துல டேப்பு மேல பாக்கற மாதிரி ஒருக்களிச்சு மண்ணுல வெச்சா. ரெண்டு சொம்பு பெட்ரோலு கீழ போயிருக்கும், அவ்வளவுதான். என்ற கை வெளிய வந்துச்சு. உள்ளங்கைத் தோலு வெந்த மாதிரி வெளுத்திருந்துச்சு, மணிக்கட்டு நீலம் பாரிச்சுப் போச்சு. சோப்புப் போட்டு அவதான் கழுவி உட்டா. மூஞ்சியை நிமிந்து பாக்கல.

அந்தத் தண்ணியிலதான் பொறவு குளிச்சேன். நல்லாக் காஞ்சிருந்துச்சு.

நான் போன் பேச்சைக் கேட்டதைச் சொல்லல. அவளும் போகப்போறதை என்றகிட்ட இருவத்தெட்டாந்தேதிதான் சொன்னா. ஆஸ்டல்ல ஆள் வேணுமாம், யமுனா சொன்னாளாம், போயிட்டு வர்றேன்னா. எனக்கு மொதல்லயே தெரியுமில்லீங்களா, அதனால "போயிட்டு வா"ன்னு சொல்லிட்டேன். நான் தடுப்பேன்னு நெனச்சிருப்பாளாட்ட இருக்குது. கொஞ்ச நேரம் நின்னா. பொறவு அரிசி எங்க இருக்குது, பருப்பு எங்க இருக்குதுன்னு காட்டிக் குடுத்தா. பத்து நாள்ல திரும்பி வந்துருவான்னு நெனச்சேன்.

பதினஞ்சு நாள் பாத்துட்டு நானே ஆஸ்டலுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ள ஒரு வேப்ப மரம், அதுக்கடியில சிமெண்டு பெஞ்சு. கையைத் தொடச்சுட்டே வந்தா. கொஞ்சம் எளைச்சிருந்தா. ஆனா வேகமா நடந்து வந்தா. டம்ளர்ல காப்பி கொண்டாந்து குடுத்தா. "கை எப்படி இருக்குதுங்க"ன்னா. "இருக்குது"ன்னேன். "தண்ணி வாத்துக்கறீங்களா"ன்னா. "பச்சத் தண்ணிதான்"னேன். அதுக்கு மேல பேச ஒண்ணும் கெடைக்கல. எனக்கு எப்பவுமே வேலை இருந்தாத்தான் அவகிட்டப் பேச்சு வரும், சும்மா உக்காந்து பேசிப் பழக்கமில்ல.

ஏதாச்சும் பேசோணும்னு கேட்டேன். "அன்னைக்கு அவ்வளவு தறிச் சத்தத்துல நான் கூப்புட்டது உனக்கு எப்படிக் கேட்டுச்சு? சரியான நேரத்துக்கு வந்தியே."

அவ என்னையே பாத்தா. "நீங்க கூப்புட்டது மொதல்ல இருந்தே கேட்டுதுங்க"ன்னா. "டார்ச் புடிக்கறதுக்குன்னு நெனச்சு வரல. மனசாரத்தான் வரல. பொய் சொல்லமாட்டேன்."

"பொறவு ஏன் வந்தே?"

"கரண்டு போச்சுல்லீங்க. எல்லாச் சத்தமும் நின்னப்ப உங்க சத்தமும் இல்ல. முப்பத்தொரு வருஷத்துல, நான் ஊட்டுல இருந்து நீங்க கூப்புடாம பத்து நிமிசம் போனதே கெடையாது. போனை வெச்சுட்டு, போறதா வேண்டாமான்னு நின்னு, பொறவு ஓடியாந்தேன்."

பாத்துக்குங்க தம்பி. நான் கூப்புட்டதுக்கு வரல. கூப்புடாததுக்கு வந்திருக்கா.

அவளே கேட்டா, "அந்தப் பத்து நிமிசம் நீங்க ஏன் கூப்புடல? பெட்ரோலு தீக்கிட்டப் போயிருச்சே."

அப்பச் சொல்லியிருக்கலாம். நீ பேசுனதைக் கேட்டேன் புள்ளேன்னு ஒரு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்துச்சு. "தொண்டை கட்டிக்கிச்சு"ன்னேன். அவ தலையை ஆட்டுனா. நம்புனாளா இல்லியான்னு தெரியல. உள்ள இருந்து ஒரு பொண்ணு, "அக்கா, எத்தனை படி அரிசி போடறது"ன்னு கேட்டுச்சு. "ஆறு போடு கண்ணு, இன்னைக்கு நாலு பேரு ஊருக்குப் போறாங்க"ன்னு இவ உக்காந்த எடத்துல இருந்தே சொன்னா. யாரையும் கேக்கல. யோசிக்கக்கூட இல்ல. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

பஸ்ஸுல திரும்பி வரும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கூப்புட்டா வரமாட்டா, கூப்புடாம இருந்தாத்தான் வருவா. அவ வாயாலயே சொல்லிட்டாளே. அன்னையில இருந்து நான் கூப்புடவேயில்ல. போன் பண்ணல. யமுனா சொல்லிப் பாத்துச்சு, "அப்பா, அம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்கப்பா, எதிர்பார்க்கறாங்க"ன்னு. அது சின்னப் புள்ள, அதுக்கு இந்த விசயமெல்லாம் புரியாது. மூணு மாசம் ஆச்சுங்க. வாயைக் கட்டிட்டு இருக்கேன். இன்னும் வரல. மூணு மாசம் பத்தாதாட்ட இருக்குது.

கோயமுத்தூருல எனக்கென்ன வேலைங்களா? வேலை ஒண்ணுமில்ல. சனிக்கிழமை ஊட்டுல இருக்க முடியறதில்ல, அதான். பத்து மணி ஆனா அந்த அடுப்பு பக்கமே கண்ணு போகுது. அதுக்குப் பஸ்ஸேறிருவேன். காந்திபுரம் போவேன், ஒரு காப்பி குடிப்பேன், அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். போகும்போது இந்தப் பக்கத்துச் சீட்டாப் பாத்து உக்காருவேன். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, இப்ப வரும். அந்த மருந்துக்கடைக்கு அடுத்தாப்புல. அதா, பச்சைக் கேட்டு. உள்ள வேப்ப மரம் தெரியுதுங்களா. கொடியில வெள்ளைத் துணியாக் காயுது பாருங்க, அதெல்லாம் சமையக்கட்டுத் துணி. காலையில எந்திரிச்சு அவதான் அலசிப் போட்டிருப்பா.

போயிருச்சு.

இங்க எறங்கி நடந்தா ரெண்டு நிமிசம். எறங்கறதுக்கு என்னங்க, எறங்கிரலாம். கேட்டுகிட்டப் போயி நின்னுரவும் செய்யலாம். நின்னுட்டு என்னன்னு கூப்புடறது? 'ஏ புள்ள'ன்னுதான் எனக்குக் கூப்புடத் தெரியும். அப்படிக் கூப்புட்டா அவளுக்கு என்னமோ வேலை சொல்றேன்னுதான் கேக்கும். வேற மாதிரி கூப்புட்டுப் பாக்கலாம்னு ஊட்டுல ஒண்டியா இருக்கும்போது சொல்லிச் சொல்லிப் பாத்தேன். தறிச் சத்தத்துல எனக்கே கேக்கல.

கண்டக்டர் உங்க ஸ்டாப்பைத்தான் சொல்றாரு. எந்திரிங்க, நான் காலை மடக்கிக்கறேன். என்னைப் பாக்காதீங்க தம்பி, நான் காந்திபுரம் வரைக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன்.